அண்ணனுக்குக் கொள்ளி

அண்ணன் இறந்த அன்று காலையில் எங்கள் வாசலில் ஒரே ஒரு பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. எரிப்பதா, புதைப்பதா.

எங்கள் சனத்தில் பெரியவர்களை எரிப்போம், குழந்தைகளைப் புதைப்போம். குழந்தை என்றால் கொள்ளி கிடையாது, மொட்டை கிடையாது, பதினாறாம் நாள் காரியமும் கிடையாது. குழி வெட்டிப் பால் ஊற்றி மண்ணைத் தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்து தலை முழுகினால் முடிந்தது. இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஆனால் என் அண்ணனுக்கு ஐம்பத்து நான்கு வயது. முன்மண்டை வழுக்கை, தாடி முழுக்க நரை.

சித்தப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அவர் சொல்வதுதான்.

"பொதைச்சிடலாம்டா," என்றார். "அது கொழந்தை. கண்ணாலமும் ஆவல. பாவம் புண்ணியம் இன்னான்னே தெரியாத ஜீவன். அதுக்கு எதுக்கு நெருப்பு?"

வந்திருந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா, "தெய்வக் கொழந்தை," என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பொய்யாகச் சொல்லவில்லை. அவருக்கு அண்ணன் மேல் உண்மையிலேயே பிரியம் உண்டு. தோசை ஊற்றினால் ஒன்று தட்டில் மூடி எங்கள் வீட்டுக்கு வரும்.

சித்தப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ செஞ்சது போதும்டா. உன்ன மாதிரி ஒருத்தன் செய்ய மாட்டான். இன்னும் பதினாறு நாளு கடைய மூடிகினு குந்தணுமா? இத்தோட வுட்டுடு. இனிமேலாச்சும் நிம்மதியா இரு."

அவர் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் உள்ளே போனேன். நான் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு சித்தப்பா குழி வெட்டும் ஆளுக்குப் போன் போட்டார்.

உள்ளே என் மனைவி அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொல்றாரு உங்க சித்தப்பா?"

"பொதைக்கலாம்ங்கிறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"அதான் தெரியுமே." அண்ணனின் காலில் போர்வையை இழுத்துவிட்டாள். "கொழந்தையாம் கொழந்தை. அம்பத்தி நாலு வயசுக் கொழந்தையோட வேட்டிய நான் இல்ல தொவைச்சேன்? இவங்களா தொவைச்சாங்க?"

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அசதிதான் வந்தது. எழுந்து வாசலுக்குப் போய், புதைக்க வேண்டாம், எரிக்கலாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கு உடம்பு எழவில்லை.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். பிறந்தபோது வெகுநேரம் அழவே இல்லை என்று அம்மா சொல்வாள். நடக்க நாளாயிற்று. பேச்சு கடைசிவரை நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "இவன வீட்லயே வெச்சிக்கங்கம்மா, மத்த பசங்க படிக்க முடியல," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பா கட்டட வேலைக்குப் போனவர். நான் ஐந்தாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். அம்மா சேலையூர்ப் பக்கம் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பகலில் அண்ணனோடு யாராவது இருக்க வேண்டும். அதனால் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுகொண்டேன். அதைப் பெரிய தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். கணக்கு எனக்கு வராது. வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நிற்காமல் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுவேன். நின்றதில் எனக்கும் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

தெருவில் நாங்கள் போகும்போது நான்தான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். மளிகைக் கடைக்காரருக்கு அது தினமும் வேடிக்கை. "டேய், உங்க ரெண்டு பேர்ல எவன்டா அண்ணன்?" என்று கேட்பார். அண்ணன் உடனே நிற்பான். என் கையை உதறிவிட்டுத் தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தட்டுவான். ஒரு தட்டு இல்லை, கடைக்காரர் "சரிப்பா, நீதான், நீதான்," என்று சொல்லும்வரை தட்டுவான். எத்தனையோ விஷயம் அவனுக்குப் பிடிபடவில்லை. பகல் ராத்திரி சில நாள் மாறிப்போகும். சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொள்வான். ஆனால் எங்கள் இருவரில் மூத்தவன் யார் என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

எனக்கு மீசை முளைத்த வயதில் பஞ்சர் கடையில் வேலைக்குப் போனேன். பிறகு மேடவாக்கம் போகும் சாலையில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டேன். அம்மா போனபிறகு அண்ணனை வீட்டில் தனியாக விட முடியாது. அதனால் அவனும் கடைக்கு வர ஆரம்பித்தான். மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து, ஒரு துண்டால் அவன் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டிவிடுவேன். அவனுக்கு வலிப்பு வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தண்ணி லாரிகள் இடித்துக்கொண்டு போகிற சாலையில் முதுகுக்குப் பின்னால் அவனைக் கட்டிக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டியிருப்பேன். இப்போதும் என் இடுப்பு ஒரு பக்கமாகத்தான் வலிக்கிறது.

கடையில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. நான் கொடுத்ததில்லை, அவனாக எடுத்துக்கொண்டது. ட்யூப்பில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்போம். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். ஒருநாள் நான் அமுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து தொட்டிக்கு முன்னால் குந்தினான். குமிழியைப் பார்த்ததும், "வர்து," என்றான். அன்றிலிருந்து தொட்டி அவனுடையது. நான் டயரைக் கழற்றி ட்யூப்பை எடுத்துக் கொடுப்பேன். அவன் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வருவான். "வர்து, வர்து," என்று சத்தம் போட்டுவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நான் வரும்வரை அசையாமல் இருப்பான்.

குமிழி வராவிட்டால்தான் தொல்லை. சில வண்டியில் வால்வுதான் போயிருக்கும், ட்யூப் நன்றாக இருக்கும். அதைச் சொன்னால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். திரும்பத் திரும்ப அமுக்குவான். முகம் சுண்டிப்போகும். வண்டிக்காரர் அவசரத்தில் நிற்பார். அதற்காகவே ஓட்டை ட்யூப் ஒன்றைத் தனியாக வைத்திருந்தேன். அவன் பார்க்காத நேரத்தில் மாற்றிவிடுவேன். "வர்து," என்று கத்திவிட்டு நிமிர்ந்து வண்டிக்காரரைப் பார்ப்பான். வண்டிக்காரரும் வேறு வழியில்லாமல், "சூப்பர்ணா," என்பார்.

சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள்தான் காலையில் நிறைய வருவார்கள். முதலில் வருகிறவர்கள் அவனைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். பழகியவர்கள் பேசுவார்கள். ஆனால் அவனிடம் பேச மாட்டார்கள், என்னிடம்தான் கேட்பார்கள். "அண்ணா, பையன் சாப்டானா?" என்பார்கள். கேட்கிற பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பையனுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும்.

எனக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் ஆனது. அண்ணன் இருப்பதைச் சொன்னதும் இரண்டு மூன்று இடம் தட்டிப்போயிற்று. என் மனைவி ஊரப்பாக்கத்துக்காரி. தாலி கட்டி வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இவள் போய், "மாமா, சாப்ட வாங்க," என்றாள். அண்ணன் திரும்பி வாசலைப் பார்த்தான். யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். "உங்களத்தான் மாமா," என்றாள் இவள். அவன் எழுந்து, லுங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சாப்பிட வந்தான். அதற்கு முன் அவன் லுங்கியைத் தானாகச் சரிசெய்து நான் பார்த்ததில்லை.

அதற்காக எல்லாம் சுகமாகப் போனது என்று இல்லை. இவளும் சோர்ந்துபோவாள். வலிப்பு வந்தால் படுக்கையெல்லாம் நனைந்துவிடும். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து அப்புறம் துப்பிவிடுவான். ஒருதரம் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றிருந்தான். அன்று இவள் பாத்திரத்தைத் தூக்கித் தரையில் அடித்துவிட்டு அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனது கிடையாது. ஒருவர் போனால் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் மகள் பிறந்தபோதும் ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனையும் வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். மகள் பேச ஆரம்பித்ததும் அவனைப் பெரியப்பா என்று கூப்பிட்டாள். அவளுக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஒருமுறை காணாமல் போய்விட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கறி வாங்கப் போயிருந்த நேரம், கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். தாம்பரம் ஸ்டேஷன், பஸ் நிற்கும் இடம், மார்க்கெட், எல்லா இடமும் ஓடினேன். கடைசியில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே பேசுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"சார், எங்க அண்ணன் காணோம் சார்."

"வயசு?"

"நாப்பத்தி ரெண்டு சார்."

எதிரில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டார். "யோவ், நாப்பத்தி ரெண்டு வயசு ஆளு காணோம்னு வந்து நிக்கிற? ஞாயித்துக்கெழம வேற. எங்கனா தண்ணி போட்டுகினு கெடப்பான். சாயங்காலம் வருவான், போ."

"அப்டி இல்ல சார், அவரு..."

"கண்ணாலம் ஆன ஆளா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னும் லேட்டா வருவான்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெளியே வந்து நின்றேன். எல்லோரும் குழந்தை குழந்தை என்கிறார்கள், தேடிக் கொடுக்க வேண்டிய அன்று மட்டும் பெரிய ஆளாகிவிட்டான். அதை நினைத்து நடு ரோட்டில் எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. மதியத்துக்கு மேல் என் மனைவியின் தம்பி போன் செய்தான். அண்ணன் மின்சார ரயில் ஏறி ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். இவளோடு பண்டிகைக்குப் போன பழக்கத்தில் அந்த இடம் தெரிந்திருக்கிறது. நான் போனபோது பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பன்னில் பாதியை நீட்டினான். திட்டலாம் என்று ஓடி வந்தவன் அதை வாங்கித் தின்றேன்.

கடைசி இரண்டு வருஷம் கடைக்கு வர முடியவில்லை. கால் வீங்கிவிட்டது. மழைக்காலம் முழுக்க நெஞ்சில் சளி. அரசு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் வீட்டுக்குக் கொண்டுவருவதுமாக இருந்தோம். அன்று காலை இவள் காபி எடுத்துக்கொண்டு போய் எழுப்பினாள். எழவில்லை.

இதையெல்லாம் சுவரில் சாய்ந்தபடி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. ஒன்றும் நினைக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நாவிதரின் குரல் கேட்டபோதுதான் நிமிர்ந்தேன். எங்கள் பக்கம் சாவு வீட்டுச் சடங்குகளுக்கு அவர்தான் வருவார்.

"மொட்டை யாருக்கு சாமி?" என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

"மொட்டைலாம் இல்லப்பா. அது கொழந்தை. குளிப்பாட்றதுக்குக் கூட இருந்துட்டுப் போ."

சித்தப்பா வண்டி விஷயமாகப் பேசத் தெருமுனைக்குப் போனார். நாவிதர் தண்ணீர் டிரம் பக்கத்தில் தன் பையை வைத்துவிட்டு பீடியைப் பற்ற வைத்தார். நான் எழுந்தேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். போய் அவர் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். கொள்ளி வைப்பவன்தான் மொட்டை போட வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும்.

"இன்னாபா?" என்றார்.

"வழிங்கண்ணா."

"உங்க சித்தப்பா வேணாம்னாரே."

"வழிங்க."

அவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு தலையில் தெளித்துத் தேய்த்தார். பிளேடை இரண்டாக உடைத்துக் கத்தியில் போட்டார். வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மடியில் முடி விழ விழ, எனக்கும் நரை இவ்வளவு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா திரும்பி வந்தார்.

"டேய்! இன்னாடா பண்ற? யோவ், கத்திய நிறுத்துயா!"

கத்தி நின்றது. வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எதற்குப் பயந்து இத்தனை நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேனோ அது நடந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நாவிதர் என் தலையைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். "பாதி வழிச்சிட்டனே சாமி. இப்டியே எப்டி வுடறது? ரோட்ல போனா நாய் தொரத்துமே."

யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்க முடியாது. எதிர்வீட்டு அக்கா அழுத முகத்தோடு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. கிட்டே வந்து நின்றார். "கல்லுளிமங்கன்டா நீ. வேணும்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு? நான் உன் நல்லதுக்குத்தான சொன்னேன்?"

"ஆமா சித்தப்பா."

"அப்புறம் இன்னா?"

என்னென்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. வேலை செய்தவன் என்று, வேட்டி கட்டியவன் என்று, என் மகளுக்குப் பெரியப்பா என்று.

"எனக்கு மூத்தவன் சித்தப்பா," என்றேன்.

உள்ளே என் மனைவி அப்போதுதான் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள்.

சித்தப்பா வாசலிலிருந்தே உள்ளே எட்டி அண்ணனைப் பார்த்தார். பிறகு நாவிதரிடம், "மீசையும் எடுத்துடு. அரைகொறையா வுடாத," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். "யப்பா, குழி வேணாம்... வெட்டிட்டியா? மூடிடு. எரிக்கறோம்... ஆமா ஆமா, பெரிய ஆளுதான். அம்பத்தி நாலு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்க அண்ணனோட மூத்த புள்ளப்பா," என்றார்.

புது வேட்டி வாங்கிவர ஆள் போனது. நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் பேத்தி இல்லாததால், மகளே பெரியப்பாவின் கால் பக்கமாக நின்று பிடித்தாள். இப்போது எங்கள் சுடுகாட்டில் விறகு கிடையாது, எரிவாயு மேடைதான். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து அண்ணனைச் சுற்றி வந்தேன். நாவிதர் கத்தியால் குடத்தைக் கொத்தி ஓட்டை போட்டார். முதுகெல்லாம் தண்ணீர். குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தேன். நெஞ்சின் மேல் கற்பூரம் வைத்துக் கொளுத்தச் சொன்னார்கள். கொளுத்தினேன். திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். இரும்புக் கதவு மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நானும் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஈர வேட்டியில் எனக்குக் குளிர் எடுத்தது. கண் தானாக மூடியது.

"டேய்," என்றார்.

"சொல்லுங்க சித்தப்பா."

"ஒண்ணு கேக்கணும். எனக்கு எவன்டா வெப்பான்?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"கொள்ளிடா. என் புள்ள கனடாவுல கீறான். அவன் டிக்கெட் போட்டு வர்றதுக்குள்ள ரெண்டு நாளு ஐஸ் பொட்டிக்குள்ள நான் படுத்துகினு இருக்கணும். எனக்கு சின்ன வயசுலேருந்தே குளிரு ஆவாது. நீயே வெச்சிடு."

வாய் தானாகச் சொன்னது. "மொதல்ல முடி வளரட்டும் சித்தப்பா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இருமல் வந்து, இருமிக்கொண்டே சிரித்தார். ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார், சுடுகாட்டிலிருந்து ஏறியவர்கள் இப்படிச் சிரிக்கிறார்களே என்று நினைத்திருப்பார்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. இவள் கால் கழுவத் தண்ணீர் வைத்துவிட்டு நின்றிருந்தாள். சித்தப்பாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. நான் முதலில் இறங்கித் தோளைக் கொடுத்தேன். அவர் பாரம் முழுவதையும் என் மேல் போட்டு மெதுவாக இறங்கினார். கனமான மனிதர்.